ஃபுல் சேர்விஸ் என்றால் எந்த வேலை? பரந்தனில் 10,200 ரூபாவுக்கு வந்த சண்டை

2024 ஜனவரி கடைசி. கிளிநொச்சி மாவட்டத்தில் காலபோக அறுவடை தொடங்கி, பரந்தன் முல்லைத்தீவு வீதியின் ஓரமெல்லாம் நெல் காயப் போட்டிருந்த நேரம். காலை பத்து மணி இருக்கும், என் கடை வாசலில் இரண்டு பேர் சத்தமாகக் கதைத்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

"அண்ணை, நீங்களே சொல்லுங்கோ. ஃபுல் சேர்விஸ் எண்டால் எஞ்சின் பிரிக்கிறதோ?"

"பிரிக்காமல் என்னத்துக்கு ஃபுல் சேர்விஸ் எண்டு காசு வாங்கினனீ?"

முதலில் கேட்டவர் என் கடையிலிருந்து நாலு கட்டடம் தள்ளிக் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக், 27 வயது. மற்றவர் முரசுமோட்டைப் பக்கத்து விவசாயி, அறுபதை நெருங்கியவர். இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். ஏமாற்றுகிற ஆட்களும் இல்லை, வீண் சண்டைக்குப் போகிற ஆட்களும் இல்லை. அதனால்தான் இந்த விஷயத்தை நான் விடாமல் பிடித்துக்கொண்டு கடைசி வரை போய்ப் பார்த்தேன், பார்த்ததை இங்கே எழுதுகிறேன். பெயர் போடாமல் எழுத இருவரும் சம்மதித்தார்கள்.

ஒன்றை முதலே சொல்ல வேண்டும். நான் மோட்டார் சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கிறேன், அதற்கு முதல் பதினாறு வருடம் கராஜில் வேலை செய்தவன். இந்தச் சண்டைக்குள் வந்த பில்லில் இருந்த சாமான் எல்லாம் என் கடையில் வாங்கியவை. ஆகவே எனக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது, அதில் ஒரு பிழையும் என்னுடையது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நடந்தது

பைக் 2012ஆம் ஆண்டு வாங்கிய ஸ்பிளெண்டர். லீசிங்கில் எடுத்து, கட்டி முடித்து, வீட்டுக்கும் வயலுக்கும் ஆலைக்கும் பன்னிரண்டு வருடமாக ஓடுகிற பைக். மீற்றரில் 86,000 கிலோமீற்றர் என்று நிற்கிறது, ஆனால் மீற்றர் கேபிள் அறுந்து இரண்டு வருடம், ஆகவே அந்த இலக்கத்தை நம்ப முடியாது. புதிதாக ஒன்று வாங்கலாம் என்று யாரும் சொல்லலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்த நாட்டில் புது மோட்டார் சைக்கிள் வருவது நின்றுபோய், பாவித்த பைக்கின் விலையே ஏறி நின்ற காலம் அது. இருப்பதை ஓட வைப்பது ஒன்றுதான் வழி.

பைக்கைக் கராஜில் கொண்டுவந்து விட்டது அந்த விவசாயி ஐயா இல்லை, உயர்தரம் படிக்கிற அவருடைய மகன். அவன் சொன்னது இவ்வளவும்தான்: "அப்பா ஃபுல் சேர்விஸ் போடட்டாம். டப்பட் சத்தம் கேக்குதாம். பிக்கப்பும் இல்லையாம். பின் பிரேக் சூ மாத்தட்டாம், ஒரிஜினல் போடட்டாம்." மெக்கானிக் "சரி, நாளைக்குப் பின்னேரம் வாங்கோ" என்றார். எழுத்தில் ஒன்றும் இல்லை. எவ்வளவு முடியும் என்று அவனும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

அடுத்த நாள் மெக்கானிக் செய்தது: எஞ்சின் ஒயில் மாற்றினார், ஏர் ஃபில்டர் மாற்றினார், பிளக் மாற்றினார், காபுரேற்றரைக் கழற்றிக் கழுவினார், டப்பட் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அழுத்துகிற துண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி) வைத்தார், செயினை இறுக்கி ஒயில் போட்டார், பின் பிரேக் சூ மாற்றினார், கேபிள்களுக்கு ஒயில் விட்டார், கடைசியில் பைக்கை நன்றாகக் கழுவி விட்டார். ஒரு நாளில் பாதிக்கு மேல் போன வேலை. ஒழுங்காகச் செய்த வேலை என்பதை நான் பிறகு பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

பில் ஒரு கொப்பித் தாளில். ஒயில் 2,900, சாமான் 3,500, சேர்விஸ் 3,800, மொத்தம் 10,200 ரூபா. மகன் கையில் 6,000 இருந்தது, அதைக் கொடுத்துவிட்டு மிச்சம் 4,200 அப்பா தருவார் என்று பைக்கை எடுத்துப் போனான்.

மூன்று நாள் கழித்து ஐயா ஒரு மூடை நெல்லைப் பின்னால் கட்டி ஆலைக்குக் கிளம்பினார். வயல் பாதையிலிருந்து வாய்க்கால் கட்டில் ஏறுகிற இடத்தில் எஞ்சின் அலறுகிறது, பைக் ஏறவில்லை. இறங்கித் தள்ளினார். பின்னால் நீலமாகப் புகை. எஞ்சினுக்குள் அதே சத்தம். மூடையை மச்சான் வீட்டில் இறக்கி வைத்துவிட்டு நேராகக் கராஜுக்கு வந்தார்.

அங்கே அவர் சொன்ன ஒரு சொல் விஷயத்தைக் கெடுத்துவிட்டது: "கழுவிப்போட்டு பத்தாயிரம் வாங்கியிருக்கிறாய்." மெக்கானிக்குக் கோபம் வந்து, மிச்சக் காசு தரும் வரை பைக்கை விடமாட்டேன் என்று உள்ளே உருட்டி வைத்தார். ஐயா நுகர்வோர் முறைப்பாட்டு இலக்கமான 1977க்கு அடிக்கப்போகிறேன் என்றார். அப்படியே இரண்டு பேரும் என்னிடம் வந்தார்கள்.

தாளில் எழுதச் சொன்னேன்

யார் பிழை என்று நான் கேட்கவில்லை. ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, ஃபுல் சேர்விஸ் என்றால் என்னென்ன வேலை என்று மற்றவரைப் பார்க்காமல் எழுதச் சொன்னேன். ஐயா கண்ணாடி கொண்டுவரவில்லை, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

மெக்கானிக்கின் தாளில் ஒன்பது வேலை இருந்தது, அத்தனையும் அவர் செய்தவை. எஞ்சினுக்குள் கை வைக்கிற வேலை ஒன்றும் இல்லை.

ஐயாவின் தாளில் நாலே நாலு வரி. ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடியை) கழற்ற வேண்டும். கரி சுரண்ட வேண்டும். வால்வு தேய்த்து இருத்த வேண்டும். ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கிற வளையம்) பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். ஒயிலைப் பற்றி ஒன்றும் இல்லை. "ஒயில் மாத்துறது சேர்விஸோ? அது நானே வீட்டில செய்வன்" என்றார்.

இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது மூன்று பேரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. ஒரு வேலை கூட இரண்டிலும் பொதுவாக இல்லை. ஒரே சொல்லை வைத்து வேலை கொடுத்து, வேலை வாங்கி, காசும் கைமாறியிருக்கிறது.

ஐயா இல்லாததைச் சொல்லவில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். நான் வேலை பழகியது 90களின் பிற்பாதியில் மல்லாவியில். யுத்தத்தால் கிளிநொச்சி இடம்பெயர்ந்து சனமெல்லாம் அந்தப் பக்கம் நெருங்கி இருந்த காலம். பொருளாதாரத் தடையால் பெற்றோல் என்பது சின்னப் போத்தலில் விற்கிற சாமான். சி 90 போன்ற பைக்குகளைப் பெற்றோலைக் காபுரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் எடுத்து, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மண்ணெண்ணெய் பெற்றோல் எஞ்சினுக்குள் முழுதாக எரியாது. கரி பிடிக்கும், பிளக் கறுக்கும், எரியாத மிச்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். அதனால் சில மாதங்களுக்கு ஒரு தடவை ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டியே ஆக வேண்டும். எங்கள் கராஜில் சேர்விஸ் என்று சொன்னால் அதுதான். கழுவுகிற வேலையை அந்த நாளில் யாரும் கராஜில் கொடுக்கவில்லை, குளத்துக்குக் கொண்டுபோனால் முடிந்தது. ஐயா அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிள் ஓடப் பழகியவர். அவருடைய சொல் அங்கேயே நிற்கிறது.

2002இல் ஏ9 வீதி திறந்து பெற்றோல் வந்தது, எம்டி 90 பைக் நிறைய ஓடியது, கரி சுரண்டுகிற தேவை குறைந்தது. 2009க்குப் பிறகு, மீள்குடியேறி வந்த சனத்துக்கு லீசிங்கில் இந்திய பைக்குகள் வந்தபோது கூடவே ஒரு சின்னப் புத்தகமும் வந்தது, இலவச சேர்விஸ் கூப்பன் புத்தகம். இத்தனை கிலோமீற்றரில் இதைப் பார், இதை மாற்று என்று அதில் வரிசையாக இருக்கும். மெக்கானிக் தம்பி வேலை பழகியது அந்தப் புத்தகக் காலத்தில். அவருக்குச் சேர்விஸ் என்றால் அந்தப் பட்டியல். (அந்தக் கூப்பனிலும் ஒரு சண்டை உண்டு. இலவசம் என்பது கூலிக்கு மட்டும், ஒயிலுக்குக் காசு. இதை வாங்கும்போதே விளக்கமாகச் சொல்லாத இடங்களால் முதல் சேர்விஸிலேயே முகம் சுளித்துக்கொண்டு போன சனம் எத்தனையோ.)

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. ரோட்டோரங்களில் தண்ணீர் மெசினும் றாம்பும் வைத்துக் கழுவி, கிறீஸ் அடித்து, ஒயில் மாற்றிவிடுகிற இடத்துக்கும் நாங்கள் சேர்விஸ் ஸ்டேசன் என்றுதான் சொல்கிறோம். அதனால் சேர்விஸ் என்றால் கழுவுவது என்று நினைக்கிறவர்களும் நிறையப் பேர். ஐயா கோபத்தில் "கழுவிப்போட்டு" என்று சொன்னது சும்மா வந்த சொல் இல்லை. பளபளவென்று கழுவிய பைக்கைப் பார்த்ததும், கேட்ட வேலையை விட்டுவிட்டு அந்த சேர்விஸைப் போட்டிருக்கிறான் என்றுதான் அவர் நினைத்தார்.

பிக்கப் இல்லை, டப்பட் சத்தம்

சேர்விஸ் என்ற சொல்லை ஒரு பக்கம் வைப்போம். மகன் வாயால் வந்த மற்ற இரண்டு சொல்லும் இதைவிட மோசமாக வேலை செய்தன, ஏனென்றால் அவை வருத்தத்தைச் சொல்கிற சொற்கள். வயிற்றுக்குள் குத்துது என்று சொல்லாமல் அல்சர் என்று நோயாளியே பெயர் வைத்துக்கொண்டு போனால் டொக்டர் என்ன செய்வார்?

பைக்கை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் பார்த்தோம். முதலில் சத்தம். எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்கச் சொன்னேன். டப்பட் சத்தம் ஹெட்டில் கேட்கும், தையல் மெசின் மாதிரி ஒரே தாளத்தில் டிக் டிக் என்று. இது ஹெட்டில் இல்லை. இடது பக்கம், சிலிண்டர் ஓரமாக, கரகரவென்று இழுபடுகிற சத்தம், திறாட்டிலை விடும்போது கூடுகிறது. ஸ்பிளெண்டரில், வால்வுகளை இயக்க எஞ்சினுக்குள் ஓடுகிற டைமிங் செயின் இருப்பது இடது பக்கம். செயின் தேய்ந்து நீண்டுவிட்டது. டப்பட் மூடியைத் திறந்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) வைத்துப் பார்த்தேன், மெக்கானிக் வைத்த கிளியரன்ஸ் அப்படியே சரியாக இருந்தது. மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு கூட வராத இடைவெளி அது, அதைப் பிழையில்லாமல் வைத்திருக்கிறார். டப்பட் என்று சொன்னார்கள், டப்பட்டைச் செய்தார். வேலை முடிந்து ஸ்டார்ட் பண்ணியபோது சத்தம் அப்படியே இருந்ததே என்று கேட்டேன். "இருந்தது அண்ணை. பழைய எஞ்சின்தானே, கொஞ்சம் இருக்கும் எண்டு விட்டிட்டன்" என்றார்.

பிறகு பிக்கப். இந்தச் சொல்லுக்குள் குறைந்தது மூன்று வருத்தம் ஒளிந்திருக்கிறது. திறாட்டிலைத் திருகினால் எஞ்சினே எழும்பாமல் முக்குவது ஒன்று, அது பெற்றோல், காற்று, பிளக் பக்கம். எஞ்சின் எழும்புகிறது, சத்தம் கூடுகிறது, ஆனால் பைக் ஓடவில்லை என்பது இன்னொன்று, அது கிளச். எல்லாம் ஓடும், ஆனால் பாரம் ஏற்றினால் மட்டும் படுத்துவிடும், புகையும் வரும் என்பது மூன்றாவது, அது பெரும்பாலும் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்து கொம்பிரசன் (உள்ளே காற்று அமுங்குகிற பலம்) குறைந்தது. மெக்கானிக் பிக்கப் இல்லை என்று கேட்டதும் முதலாவதை நினைத்து காபுரேற்றரைக் கழுவி, பிளக்கும் ஃபில்டரும் மாற்றினார். ஐயாவுக்கு இருந்தது இரண்டாவதும் மூன்றாவதும்.

கிளச்சைப் பார்க்க ஒரு மெசினும் தேவையில்லை. ஐயாவைப் பின்னால் ஏற்றி, மூன்றாவது கியரில் மெதுவாகப் போய், திறாட்டிலைச் சட்டென்று திருகினேன். எஞ்சின் கத்தியது, பைக் முன்னுக்குப் பாயவில்லை. கிளச் பிளேட் வழுக்குகிறது. லீவரில் தளர்வு சரியாக இருந்தது, ஆகவே கேபிளில் பிழை இல்லை, பிளேட் தேய்ந்துவிட்டது. பன்னிரண்டு வருடம் நெல் மூடையோடு சேற்றுப் பாதையில் பாதிக் கிளச்சில் ஏறி இறங்கிய பைக்குக்கு அது நடக்கத்தான் செய்யும்.

ரிங்குக்கு: பிளக்கைக் கழற்றி, ஓட்டையைப் பெருவிரலால் மூடி கிக்கரை அடித்தால் விரலைத் தள்ளுகிற பலம் போதாது. உள்ளே கொஞ்சம் ஒயில் விட்டு மறுபடி அடித்தேன், விரலைத் தூக்கி எறிந்தது. ஒயில் இடைவெளியை அடைத்ததும் கொம்பிரசன் கூடுகிறது என்றால் காற்று ரிங் பக்கத்தால் போகிறது, வால்வு பக்கத்தால் இல்லை. ஐயா இதைக் கவனமாகப் பார்த்தார், தன் பெருவிரலையும் வைத்துப் பார்த்தார்.

அப்போதும் ஒரு கேள்வி கேட்டார், நல்ல கேள்வி: "போன ஆவணியில புகை டெஸ்ட் பாஸ் ஆனது தம்பி. ரிங் போயிருந்தா எப்படிப் பாஸ் ஆகும்?" வருடாந்த வாகன வரிப் பத்திரத்துக்கு முதல் செய்கிற அந்தப் பரிசோதனையில், பெற்றோல் பைக்குக்கு, எஞ்சின் சும்மா ஓடும்போது வருகிற காபன் மொனொக்சைட்டையும் எரியாத ஹைட்ரோ காபனையும்தான் அளக்கிறார்கள். பாரம் ஏற்றி மேட்டில் ஏற்றிப் பார்ப்பதில்லை. சூடான எஞ்சின் சும்மா நிற்கும்போது நல்ல பிள்ளையாக இருக்கும், மூடையோடு ஏறும்போதுதான் ஒயிலைக் குடிக்கும். டெஸ்டில் பாஸ் ஆனது எஞ்சின் நல்லம் என்பதற்குச் சாட்சி இல்லை.

கழற்றிய பிளக்

இந்தச் சண்டையில் என்னை அதிகம் வருத்திய இடம் இதுதான்.

மெக்கானிக் கழற்றி எறிந்த பழைய பிளக் கராஜ் மூலையில் இருந்த ரின்னுக்குள் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். நுனி கறுத்து, ஒயிலில் நனைந்து ஈரமாக இருந்தது. வேலை தெரிந்த எவனும் அந்தப் பிளக்கைப் பார்த்தால் எஞ்சின் ஒயில் எரிக்கிறது என்று சொல்லிவிடுவான். இந்தத் தம்பி அறிவியல்நகரில் இருக்கிற இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மோட்டார் வாகனத் தொழில் படித்தவர், அவருக்குத் தெரியாமல் இருக்காது.

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது அண்ணை."

"ஏன் சொல்லேல்லை?"

கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சேர்விஸுக்கு வந்த பைக்குக்கு ரிங் போயிட்டுது எண்டு சொன்னால், இல்லாத வேலை பிடிக்கிறான் எண்டு சொல்லுவினம். போன மாதம் ஒராள் அப்பிடித்தான் சொல்லிப்போட்டுப் போனவர். அதுக்குப் பிறகு கேட்டதை மட்டும் செய்யிறது."

இதைக் கேட்டதும் ஐயா என்ன சொன்னார் தெரியுமா? "எனக்கும் புகை தெரியும் தம்பி. மகனிட்டைச் சொல்லி விடேல்லை. கழற்றினால் உனக்கே தெரியும்தானே எண்டு நினைச்சன்."

இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது, இரண்டு பேரும் சொல்லவில்லை. ஒருவர் பழி வரும் என்று பயந்தார், மற்றவர் சொல்லாமலே விளங்கும் என்று நம்பினார். ஃபுல் சேர்விஸ் என்ற சொல் இருந்தபடியால் இரண்டு பேருக்கும் வாய் திறக்க வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது. என் கணக்கில் மெக்கானிக்கின் பங்கு இங்கே கூட. வேலை தெரிந்தவன் அவன், பிளக்கைக் கையில் பிடித்தவன் அவன். ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து "ஐயா, பிளக் ஒயிலாக் கிடக்கு, ரிங் வேலை இருக்கு, இப்ப செய்யிறதோ பிறகோ?" என்று கேட்டிருந்தால், அந்த மூடை அன்று வாய்க்கால் கட்டில் நின்றிருக்காது. அவனுக்கு முன்னாலேயே இதைச் சொன்னேன், அவன் ஏற்றுக்கொண்டான்.

ஒரிஜினல், இது என் பிழை

பின் பிரேக் சூ. ஐயா கேட்டது ஒரிஜினல். அவருக்கு ஒரிஜினல் என்றால் பைக் வாங்கும்போது கூட வந்த அதே கொம்பனியின் பெட்டியில் வருவது. மெக்கானிக் என் கடைக்கு வந்து "ஒரிஜினல் பிரேக் சூ ஒன்று" என்று கேட்டார். நான் எடுத்துக் கொடுத்தது வேறொரு கொம்பனியின் நல்ல சாமான், போலி இல்லை, பெட்டியில் தன் சொந்தப் பெயரைப் போட்டு விற்கிற சாமான். எங்கள் கடைப் பேச்சில் அதற்கும் ஒரிஜினல் என்றுதான் சொல்கிறோம், அடுத்தவன் பெயரைத் திருடாத சாமான் என்ற அர்த்தத்தில். பைக் கொம்பனியின் பெட்டிக்கு ஜெனுவின் என்போம். என் கடையில் அதன் விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அது போதாதென்று ஜப்பான், இந்தியன், சைனா என்று நாட்டுப் பெயரைத் தரத்துக்குப் பெயராக வைத்திருக்கிறோம். ஸ்பிளெண்டர் இந்தியாவில் செய்த பைக், அதற்கு "ஜப்பான் சாமான் இருக்கா" என்று கேட்டு வருகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நல்ல சாமான். 2022இல் ரூபா விழுந்து சாமான் விலை ஏறிய பிறகு இந்தச் சொற்களை நாங்கள் இன்னும் தாராளமாகப் பாவிக்கத் தொடங்கிவிட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வாங்க வருகிறவரிடம் விலையைக் கேட்டு முகம் மாறும்போது, "இதுவும் ஒரிஜினல்தான்" என்று சொல்லிக் குறைந்ததை நீட்டுவது சுலபம். அன்று நான் அதைத்தான் செய்தேன். ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஜெனுவின் சூவை அதே விலைக்குத் தருகிறேன் என்றேன். போட்டிருப்பது நன்றாகப் பிடிக்கிறது, இருக்கட்டும் என்றார்.

எப்படித் தீர்ந்தது

காசுக் கணக்கைப் பிரித்து எழுதினோம். ஒயில் 2,900, ஏர் ஃபில்டர் 1,150, பிளக் 850, பிரேக் சூ 1,500, கழுவல் 800, கூலி 3,000. பில்லில் மூன்று வரியாக இருந்த அதே 10,200தான், ஆனால் ஆறு வரியாகப் பார்த்ததும் ஐயாவின் குரல் இறங்கியது. ஒயிலும் ஃபில்டரும் வீண் போகவில்லை என்று அவரே சொன்னார். கிறவல் ரோட்டுத் தூசியில் அந்த ஃபில்டர் அடைத்துப் போயிருந்ததைக் கண்ணால் பார்த்தார், பழையது ரின்னுக்குள் இன்னும் கிடந்தபடியால்.

கூலியில் பாதியை மெக்கானிக் விட்டுக்கொடுத்தார். ஆக ஐயா கொடுக்க வேண்டியது 2,700, அதை அங்கேயே கொடுத்தார். கிளச் பிளேட்டை ஐயா வாங்கிக் கொடுக்க, கூலி இல்லாமல் மாற்றிக் கொடுப்பது என்று முடிவானது. அன்று பின்னேரமே முடிந்து, மூடை ஆலைக்குப் போனது.

எஞ்சின் வேலையை அறுவடைக்குப் பிறகு செய்வதாகப் பேசினோம். அங்கேயும் சொல் ஒன்று நின்றது. "எஞ்சின் செய்யிறது எவ்வளவு?" என்று ஐயா கேட்க, மெக்கானிக் வாயெடுக்க, நான் நிற்பாட்டினேன். எஞ்சின் செய்வது என்றால் ஒருவருக்கு ரிங் மாற்றுவது, இன்னொருவருக்கு லேத்துக்கு அனுப்பிப் போர் பண்ணி (சிலிண்டரின் உள்ளைக் குடைந்து பெரிதாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது, வேறொருவருக்கு கிராங்க் பெயாரிங், கியர்பொக்ஸ் வரை போவது. ஸ்பிளெண்டரில் ஹெட்டும் சிலிண்டரும் எஞ்சினைச் சட்டத்திலிருந்து இறக்காமலே கழற்றலாம், கிராங்குக்குப் போவதென்றால் இறக்கிப் பிளக்க வேண்டும். கூலி இரண்டுக்கும் ஒன்றாக வராது. ஆகவே எழுதினோம்: ஹெட், சிலிண்டர் கழற்றுவது. சிலிண்டரை அளந்து பார்த்து, அளவு தாண்டியிருந்தால் போர், இல்லாவிட்டால் ரிங் மட்டும். டைமிங் செயின் கட்டாயம். வால்வு தேய்த்து இருத்துவது, ஒயில் சீல் புதிது. கிராங்கைக் கையால் ஆட்டிப் பார்ப்பது, ஆட்டம் இருந்தால் வேலையை நிற்பாட்டி ஐயாவைக் கூப்பிடுவது. கழற்றிய எல்லாச் சாமானும் ஒரு பையில் ஐயாவிடம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விலை.

ஐயா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

இது தீராமல் போயிருந்தால் வழி இல்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம், அதே சட்டப்படி கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. மத்தியஸ்த சபையும் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், "ஒயில், சாமான், சேர்விஸ்" என்று மூன்று சொல் எழுதிய கொப்பித் தாளை அங்கே கொண்டுபோய் எந்த வேலை பேசப்பட்டது என்று எப்படிக் காட்டுவது? ஐயாவுக்கும் முடியாது, மெக்கானிக்குக்கும் முடியாது.

இப்போது அந்தக் கராஜில் சேர்விஸ் என்று யாராவது சொன்னால், "என்ன வருத்தம், எப்ப வருது, பாரத்தோடயா சும்மாவா?" என்று மெக்கானிக் திருப்பிக் கேட்கிறார். ஒயில் விடுவதும் ஒயில் மாற்றுவதும் வேறு வேறு வரி. செயின் இறுக்குவதும் செயின் மாற்றுவதும் வேறு வேறு வரி. பிரேக் பார்த்தது என்று எழுதுவதில்லை, இறுக்கியது அல்லது சூ மாற்றியது. பழைய சாமானை ரின்னுக்குள் போடாமல் பையில் கட்டி ஹாண்டிலில் தொங்கவிடுகிறார். என் கடையில் நான் ஒரிஜினல் என்ற சொல்லை விட்டுவிட்டேன், "பைக் கொம்பனிப் பெட்டி", "வேற கொம்பனி" என்று சொல்லி இரண்டையும் மேசையில் வைக்கிறேன், விலையோடு. வியாபாரம் கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது. ஒரு வாடிக்கையாளருக்கு முதல் ஐந்து நிமிடம் கதையிலேயே போய்விடும், அறுவடை நேரத்தில் வரிசையில் நிற்கிறவர்கள் பின்னால் முணுமுணுப்பார்கள்.

மார்ச்சில் நெல் விற்ற பிறகு ஐயா எஞ்சின் வேலைக்கு வந்தார், இந்த முறை தானே பைக்கை ஓட்டிக்கொண்டு. சிலிண்டரை அளந்ததில் போர் தேவைப்பட்டது, கிராங்கில் ஆட்டம் இல்லை. மெக்கானிக் கழற்றிய பிஸ்டனையும் நீண்டுபோன டைமிங் செயினையும் பையில் போட்டுக் கொடுத்தார். ஐயா செயினை வெளியில் எடுத்து, என் கடையிலிருந்த புதுச் செயின் ஒன்றைக் கேட்டு வாங்கி, இரண்டையும் ஆணியில் தொங்கவிட்டு நீளத்தைப் பார்த்தார். பிறகு மகனைக் கூப்பிட்டு அவனுக்கும் காட்டினார்.